தவில் எங்கே போயிற்று?

எங்கள் வீட்டுப் பரணில் பல ஆண்டுகளாகத் தூங்கிக் கிடந்த ரிக்கார்டு பிளேயரை ஒரு கோடை விடுமுறையில் கீழே இறக்கினோம். என் தந்தை இளமையில் வாங்கியது அது. வால்வு ஆம்ப்ளிஃபையரும் ஒலிபெருக்கியும் ஒரே மரப்பெட்டிக்குள் அமைந்தவை. சுழலும் தட்டு, மோட்டார், ஊசி பொருத்திய கை எல்லாம் நன்றாகவே இருந்தன. ஆனால் ஆம்ப்ளிஃபையரின் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோயிருந்தது. பிளஸ் ஒன் தேர்வு முடித்து விடுமுறைக்கு வந்திருந்த என் தம்பி மகன், "பழைய ஆம்ப்ளிஃபையர் எதற்குப் பெரியப்பா? ஹாலில் புது ஆம்ப்ளிஃபையர் இருக்கிறதே, அதில் சொருகிவிடலாம்" என்றான். எனக்கும் அது சரியென்றே பட்டது. ஊசிப் பகுதியிலிருந்து வந்த இரு கம்பிகளையும் பழைய ஆம்ப்ளிஃபையரிலிருந்து கழற்றி, புதியதன் பின்புறத் துளையில் இணைத்தோம்.

(ஓர் எச்சரிக்கை. பழைய வால்வுப் பெட்டிகளை நீங்களாகத் திறக்காதீர்கள். உள்ளே 250 வோல்ட் வரை நேர்மின்னழுத்தம் இருக்கும். மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். அந்த வேலையை நான் செய்தேன்; பையன் தள்ளி நின்று பார்த்தான்.)

தந்தைக்குப் பிடித்த நாதஸ்வர இசைத்தட்டைப் போட்டோம். நாதஸ்வரம் கேட்டது, ஆனால் மெலிந்து, தகரக் குழாய்க்குள்ளிருந்து வருவது போல் கேட்டது. தவிலின் வலந்தலையில் விரல் கூடுகள் எழுப்பும் 'தக தக' ஓசை மட்டும் தெளிவாகக் கேட்டது. தொப்பிப் பக்கத்தில் கழி விழும்போது எழும் 'தொம்' அடியோடு காணோம். தந்தை சற்று நேரம் கேட்டுவிட்டு, "நாயனக்காரர் வந்துட்டார், தவில்காரர் பாதிதான் வந்திருக்கார் போலிருக்கே!" என்று சொல்லி எழுந்து போய்விட்டார்.

ஆம்ப்ளிஃபையரில் குறையில்லை, வானொலியை இணைத்தால் அருமையாகப் பாடியது. தட்டிலும் குறையில்லை, அதே தட்டில் முன்பு தவில் கேட்டிருக்கிறது. அப்படியானால் 'தொம்' எங்கே தொலைந்தது?

ஊற்றும் வாளியும்

பழைய பிளேயர்களின் ஊசி, காட்ரிட்ஜ் என்னும் சிறு கூட்டுக்குள் இருக்கும் பீங்கான் துண்டு ஒன்றை வளைக்கிறது. சில படிகங்களை அழுத்தினாலோ வளைத்தாலோ அவற்றின் முகங்களில் மின்னூட்டம் தோன்றும் என்பதை 1880-ல் ஜாக் கியூரி, பியர் கியூரி என்னும் சகோதரர்கள் கண்டறிந்தனர். இவர்களுள் பியர், பின்னாளில் மேரி கியூரியின் கணவரான அதே பியர் கியூரிதான். தட்டின் பள்ளத்தில் ஊசி நெளிய, பீங்கான் வளைய, சில நூறு மில்லிவோல்ட் மின்னழுத்தம் கிடைக்கிறது. இது குறைந்த அளவு அன்று. வானொலிப் பெட்டி தரும் சைகையும் ஏறக்குறைய இவ்வளவுதான்.

மின்னழுத்தம் போதுமான அளவு இருக்கிறது என்றால் குறை என்ன? வைகை வறண்ட நாட்களில் மணலைத் தோண்டி ஊற்று எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். குழியில் நீர் ஒரு மட்டத்துக்கு வந்து நிற்கும். ஒரு குச்சியை விட்டு அந்த மட்டத்தை அளந்தால் மட்டம் மாறாது. சிரட்டையால் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டாலும் மீண்டும் ஊறிவிடும். ஆனால் பெரிய வாளியை விட்டு இறைத்தால் மட்டம் சடாரென்று இறங்கிவிடும். மணலுக்குள் நீர் வேகமாக ஓட முடியாது அல்லவா? நமது பீங்கான் ஓர் ஊற்று. அதனிடம் மட்டம் உண்டு, ஓட்டம் இல்லை.

மின்னியல் மொழியில், அந்தப் பீங்கான் துண்டு ஒரு சிறு மின்தேக்கி. இத்தகைய காட்ரிட்ஜின் மின்தேக்குதிறன் ஏறக்குறைய 1000 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். மின்தேக்கியின் மின்மறுப்பு அதிர்வெண்ணுக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்று படித்திருப்பீர்கள். ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் பாடகரின் ஸட்ஜம் 131 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண்ணில் இந்தப் பீங்கானின் மின்மறுப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒன்றை 2 × 3.14 × 131 × 0.000000001 என்பதால் வகுக்க வேண்டும். விடை 12 லட்சம் ஓம்!

புதிய ஆம்ப்ளிஃபையரின் உள்ளீட்டு மின்தடை 47,000 ஓம். அதாவது 12 லட்சத்துக்குப் பின்னால் வெறும் 47 ஆயிரம் தொடரிணைப்பில் நிற்கிறது. பீங்கான் தரும் மின்னழுத்தத்தில் 26-ல் ஒரு பங்குதான் ஆம்ப்ளிஃபையரை எட்டும். மீதி பீங்கானுக்குள்ளேயே கரைந்துபோகும். 5000 ஹெர்ட்ஸில் என்ன ஆகும்? மின்மறுப்பு சுமார் 32,000 ஓமாகக் குறைந்துவிடும்; மின்னழுத்தத்தில் 83 விழுக்காடு ஆம்ப்ளிஃபையருக்குப் போய்ச் சேரும். (மின்தடையையும் மின்மறுப்பையும் நேராகக் கூட்டக் கூடாது, செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களைப் போல் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுக்க வேண்டும்.) 'தக தக' தப்பிப் பிழைத்ததும் 'தொம்' மறைந்ததும் இதனால்தான்.

அப்படியானால் பழைய பெட்டியில் மட்டும் எப்படிக் கேட்டது? வால்வின் கிரிடு மின்னோட்டம் எதையும் இழுப்பதில்லை. அதன் உள்ளீட்டில் பத்து லட்சம் ஓம், இருபது லட்சம் ஓம் என்று பெரிய மின்தடைகளையே அக்காலத்தில் வைத்தார்கள். பீங்கான் காட்ரிட்ஜும் வால்வும் பொருத்தமான ஜோடி. நாங்கள் அந்த ஜோடியைப் பிரித்துவிட்டோம்.

"சரி பெரியப்பா, நடுவில் 22 லட்சம் ஓம் மின்தடை ஒன்றைத் தொடராகப் போட்டுவிட்டால்?" என்று கேட்டான் பையன். நல்ல கேள்வி. அப்படிச் செய்தால் தாழ்ந்த ஒலியும் உயர்ந்த ஒலியும் ஏறக்குறையச் சமமாகவே வரும். ஆனால் இரண்டுமே 48-ல் ஒரு பங்காக வரும்! அதைப் பெருக்கப் போனால் கூடவே இரைச்சலும் பெருகும். நமக்கு வேண்டியது வேறு. பீங்கானிடமிருந்து ஏறத்தாழ எதையும் வாங்காமல், அதன் மட்டத்தை மட்டும் பார்த்து, அதே மட்டத்தைத் தன் சொந்தப் பலத்தால் ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுக்கும் ஓர் இடையாள் வேண்டும். மின்னணுவியலில் இதற்கு பஃபர் என்று பெயர். இது சைகையைப் பெரிதாக்காது. ஒன்று போனால் ஒன்று வரும். அப்படியும் அது இல்லாமல் தவில் இல்லை.

கேட்டைத் தொடாமல் திறப்பது

இந்த வேலைக்கு ஏற்றது புலவிளைவு டிரான்சிஸ்டர், சுருக்கமாக ஃபெட். மின்புலத்தால் கடத்தியின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தலாம் என்று ஜூலியஸ் லிலியன்ஃபெல்டு என்பவர் 1925-லேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார். அன்றைய தொழில்நுட்பத்தால் அதைச் செய்து காட்ட முடியவில்லை. 1952-ல் ஷாக்லி சந்தி வகை ஃபெட்டின் கொள்கையை வகுத்தார்; அடுத்த ஆண்டே டேசி, ராஸ் இருவரும் அதைச் செய்து இயக்கினர்.

உள்ளமைப்பு எளிது. சிலிக்கானில் ஒரு மெல்லிய ஓடை. ஒரு முனை சோர்ஸ், மறு முனை டிரெயின். ஓடையின் இரு கரைகளிலும் எதிர்வகைச் சிலிக்கான், அதுவே கேட். சோர்ஸைவிட கேட்டின் மின்னழுத்தத்தைக் குறைத்தால் கரையோரத்தில் மின்துகள்கள் இல்லாத வெற்றுப் பகுதி அகலும், ஓடை குறுகும், மின்னோட்டம் குறையும். கேட் எப்போதும் பின்னோக்கு அழுத்தத்தில் இருப்பதால் அதற்குள் மின்னோட்டம் நுழைவதே இல்லை எனலாம். குச்சியால் மட்டத்தைப் பார்ப்பது போல்தான்.

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஃபெட்டின் சிறப்பியல்பு வரைகோடுகளை வரைவதற்கு பி.எஃப்.டபிள்யூ. 10, பி.எஃப்.டபிள்யூ. 11 என்ற இரு வகைகளை வைத்திருக்கிறோம். நம் நாட்டு இயற்பியல் ஆய்வகங்கள் பலவற்றில் இவற்றைப் பார்க்கலாம். சிறு உலோகத் தொப்பியும் நான்கு கால்களும் கொண்டவை. நான்காவது கால் தொப்பியோடு இணைந்தது. அதைப் பூமி இணைப்புக்குக் கொடுக்க வேண்டும். நமது சுற்றுக்கு 11 போதும். 10-ல் சிலவற்றை முழுதாக மூடவே 8 வோல்ட் வரை வேண்டியிருக்கும். 9 வோல்ட் பேட்டரியில் அவை சிரமப்படும்.

இப்போது ஒரு தாளை எடுத்து வரைந்துகொள்ளுங்கள். இரண்டு 9 வோல்ட் பேட்டரிகள். ஒன்றின் எதிர்முனையும் மற்றதன் நேர்முனையும் சேரும் இடம் பூமி. ஆக, மேலே கூட்டல் 9, கீழே கழித்தல் 9. மேல் ஃபெட்டின் டிரெயின் கூட்டல் 9-க்குப் போகிறது. அதன் சோர்ஸிலிருந்து 220 ஓம் மின்தடை ஒன்று கீழே இறங்குகிறது. அதன் அடிமுனையே நமது வெளியீடு. அதே புள்ளியில் கீழ் ஃபெட்டின் டிரெயின் சேர்கிறது. கீழ் ஃபெட்டின் சோர்ஸிலிருந்து இன்னொரு 220 ஓம், கழித்தல் 9-க்கு. கீழ் ஃபெட்டின் கேட்டும் நேராகக் கழித்தல் 9-க்கு. இனி உள்ளீடு: காட்ரிட்ஜின் ஒரு கம்பி 1000 ஓம் மின்தடை வழியே மேல் ஃபெட்டின் கேட்டுக்கு, மறு கம்பி பூமிக்கு. உள்ளீட்டுக்கும் பூமிக்கும் குறுக்கே 22 லட்சம் ஓம், அதாவது 2.2 மெகா ஓம். இவ்வளவுதான் சுற்று. பேட்டரிகள் இரண்டையும் ஒரே நேரத்தில் துண்டிக்கும் இரட்டை சுவிட்ச் ஒன்று வேண்டும். ஒன்று மட்டும் துண்டிக்கப்பட்டால் வெளியீடு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

கீழ் ஃபெட் ஒரே அளவான மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டிருக்கும் காவல்காரன். மேல் ஃபெட் வழியாகவும் அதே மின்னோட்டம்தான் போயாக வேண்டும். மின்னோட்டம் மாறாவிட்டால் கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையிலுள்ள மின்னழுத்தமும் மாறாது. ஆகவே கேட் ஏறினால் சோர்ஸும் ஏறும், இறங்கினால் இறங்கும். தாயைத் தொடரும் கன்று போல!

முதல் முயற்சி

ஆய்வகப் பெட்டியிலிருந்து கைக்கு வந்த இரண்டு ஃபெட்டுகளை எடுத்துச் சுற்றை முடித்தோம். தட்டைப் போட்டதும் தவில் வந்தது. ஆனால் ஒலியளவுக் குமிழைத் திருப்பும்போதெல்லாம் 'கர கர' என்று காதைக் குடையும் சத்தம். சைகை இல்லாதபோது வெளியீட்டில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். சுழியம் இருக்க வேண்டிய இடத்தில் கழித்தல் 1.1 வோல்ட்! எங்கள் ஆம்ப்ளிஃபையரின் உள்ளீட்டில் நேர்மின்னோட்டத்தைத் தடுக்கும் மின்தேக்கி இல்லை போலும். அந்த 1.1 வோல்ட் நேரே குமிழின் மேல் விழுந்தது. குமிழின் தொடுமுனை நகர நகர, அந்த நேர்மின்னழுத்தம் குதித்துக் குதித்து ஒலித்தது.

வெளியீட்டில் 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியைத் தொடராகப் போட்டால் சத்தம் நின்றுவிடும். அப்படிச் செய்வதில் தவறும் இல்லை. இணை கிடைக்காதவர்கள் அப்படியே செய்யலாம். ஆனால் நோயை மறைப்பதைவிடக் காரணத்தைத் தேடுவது சுவையானது. விடுமுறையும் மீதி இருந்தது.

சுற்றை மீண்டும் பாருங்கள். கீழ் ஃபெட்டின் 220 ஓமில் ஒரு மின்னழுத்தம் விழுகிறது. அதன் கேட், சோர்ஸைவிட அந்த அளவு தாழ்ந்திருக்கிறது. மேல் ஃபெட்டும் அச்சாக அதே குணமுடையது என்று கொள்வோம். அதே மின்னோட்டத்தில் அதன் கேட்டும் சோர்ஸைவிட அதே அளவு தாழ்ந்திருக்கும். அதாவது கேட்டைவிட சோர்ஸ் அதே அளவு உயர்ந்திருக்கும். சோர்ஸிலிருந்து மேல் 220 ஓம் வழியே இறங்கும்போது மிகச் சரியாக அதே அளவு குறைகிறது. ஏறியது இறங்கிவிட்டது. வெளியீடு கேட்டின் மட்டத்துக்கே, சுழியத்துக்கே, வந்துவிடுகிறது! இரண்டும் இரட்டைப் பிள்ளைகளாக இருந்தால் மட்டுமே இந்தக் கணக்குப் பலிக்கும். நாங்கள் போட்டிருந்தவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை.

ஒரே எண், ஒரே தொழிற்சாலை; பின் ஏன் வேறுபாடு? கேட்டையும் சோர்ஸையும் சேர்த்துக் கட்டினால் ஓடும் மின்னோட்டத்தை ஃபெட்டின் நிறைவு மின்னோட்டம் என்போம். பி.எஃப்.டபிள்யூ. 11-க்கு அது 4 முதல் 10 மில்லியாம்பியர் வரை எவ்வளவாகவும் இருக்கலாம் என்று தயாரிப்பாளரின் குறிப்பேடே சொல்கிறது. காரணம் ஷாக்லியின் கணக்கில் இருக்கிறது. ஓடையை முழுதாக மூடுவதற்கு வேண்டிய மின்னழுத்தம், ஓடையின் தடிப்பின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். ஓடையின் கடத்துதிறனோ தடிப்புக்கு நேர்விகிதம். நிறைவு மின்னோட்டம் இவ்விரண்டின் பெருக்கலைப் பொறுத்தது; ஆகவே தடிப்பின் மூன்றாம் படிக்கு நேர்விகிதம். ஓடையின் தடிப்போ மைக்ரோமீட்டர் கணக்கில் இருக்கும் ஒன்று. அதில் 10 விழுக்காடு கூடினால் போதும், 1.1 × 1.1 × 1.1 என்று மின்னோட்டம் 33 விழுக்காடு ஏறிவிடும். இப்படி இருக்க, 4-க்கும் 10-க்கும் நடுவில் நிற்பதையே நான் தயாரிப்பாளரின் திறமை என்பேன்.

இணை தேடும் படலம்

பெட்டியில் பன்னிரண்டு பி.எஃப்.டபிள்யூ. 11 இருந்தன. ஒவ்வொன்றின் தொப்பியிலும் சிறு காகிதத் துண்டை ஒட்டி எண் எழுதினான் பையன். சோதனைக்கு ஒரு பிரெட்போர்டு, ஒரு பேட்டரி, 220 ஓம் மின்தடை ஒன்று. பேட்டரியின் நேர்முனை டிரெயினுக்கு. சோர்ஸிலிருந்து 220 ஓம் வழியே எதிர்முனைக்கு. கேட் நேரே எதிர்முனைக்கு. 220 ஓமின் குறுக்கே மல்டிமீட்டர். இது நமது சுற்றின் கீழ்ப்பாதியேதான் என்பதைக் கவனித்தீர்களா? நிறைவு மின்னோட்டத்தை மட்டும் அளந்து இணை சேர்ப்பவர்கள் உண்டு. அது முழுச் சோதனை ஆகாது. கேட் சுழியத்தில் இருக்கும்போது ஒத்துப்போகும் இரண்டு ஃபெட்டுகள், கேட்டைச் சற்று இறக்கியதும் வெவ்வேறு வழியில் போகக்கூடும். எந்த மின்னோட்டத்தில் வேலை வாங்கப் போகிறோமோ அந்த மின்னோட்டத்தில் சோதிப்பதே முறை. நாங்கள் இரண்டையும் அளந்தோம்.

பன்னிரண்டு அளவீடுகளும் 0.57 வோல்ட்டிலிருந்து 1.07 வோல்ட் வரை பரந்து கிடந்தன. முதல் முயற்சியில் நாங்கள் போட்டவை எவை தெரியுமா? மேலே 0.57, கீழே 1.07. பன்னிரண்டு பேரில் மிகக் குட்டையையும் மிக நெட்டையையும் பொறுக்கி எடுத்துத் தோளோடு தோள் நிறுத்தியிருக்கிறோம்! இரண்டுக்கும் வேறுபாடு அரை வோல்ட்தான். வெளியீட்டில் அது இரு மடங்குக்கு மேலாக ஏன் தெரிந்தது என்பதை யோசித்துப் பாருங்கள். தனியே சோதிக்கும்போது ஒவ்வொரு ஃபெட்டும் தனக்குப் பிடித்த மின்னோட்டத்தை எடுத்துக்கொள்கிறது. சுற்றிலோ மேல் ஃபெட்டின் மேல் கீழ் ஃபெட்டின் மின்னோட்டம் திணிக்கப்படுகிறது.

அளக்கும்போது ஒரு வேடிக்கை நடந்தது. ஃபெட்டைச் செருகியவுடன் ஓர் அளவு. சற்று நேரம் கழித்துப் பார்த்தால் வேறு. கையில் பிடித்து எடுத்து வைத்ததால் வந்த வினை இது. விரல் சூட்டில் சிலிக்கானுக்குள் எலக்ட்ரான்களின் ஓட்டம் தளர்கிறது; மின்னோட்டம் குறைகிறது. தொப்பியை இரு விரலால் பிடித்தபடி பார்த்தால் அளவு பத்து மில்லிவோல்ட் வரை இறங்கியது. விட்டவுடன் மெல்ல ஏறியது. எனவே இடுக்கியால் செருகி, இரண்டு நிமிடம் காத்திருந்து, மின்விசிறியை நிறுத்தி, பன்னிரண்டையும் ஒரே அமர்வில் அளந்தோம். காலையில் ஆறும் நண்பகலில் ஆறும் அளந்தால் நீங்கள் இணை சேர்ப்பது ஃபெட்டுகளை அல்ல, வெயிலைத்தான்.

மலிவான மல்டிமீட்டரே இருந்தாலும் கவலை வேண்டாம். நமக்கு உண்மையான வோல்ட் எவ்வளவு என்பது முக்கியமில்லை; இரண்டும் ஒன்றா என்பதே முக்கியம். கோணலான தராசில்கூட ஒரே தட்டில் மாற்றி மாற்றி வைத்து, இரு பொருள்கள் சம எடையா என்று கண்டுவிடலாம். மீட்டரையும் பேட்டரியையும் அந்த 220 ஓமையும் நடுவில் மாற்றாமல் இருந்தால் போதும்.

எண் 5-ம் எண் 11-ம் அகப்பட்டன: 0.742, 0.745. நிறைவு மின்னோட்டம் 5.9, 6.0 மில்லியாம்பியர். நெருங்கிய உறவு என்றே சொல்ல வேண்டும். அடுத்த இணைக்கு வேறுபாடு 11 மில்லிவோல்ட் இருந்தது.

மின்தடைகளையும் விட்டுவிடக் கூடாது. 220 ஓம் என்று தங்க வளையத்துடன் வருபவை 5 விழுக்காடு முன்பின் இருக்கலாம். அது 11 ஓம். ஓடும் மின்னோட்டம் 3.4 மில்லியாம்பியர். பெருக்கினால் 37 மில்லிவோல்ட்! ஃபெட்டில் 3 மில்லிவோல்ட்டுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு அளந்துவிட்டு, மின்தடையில் 37-ஐக் கோட்டைவிடலாமா? பத்து மின்தடைகளை அளந்து, ஓர் ஓமுக்குள் ஒத்துப்போகும் இரண்டைப் பொறுக்கினோம். பத்தின் விலையே சில ரூபாய்தான். மற்ற 1000 ஓமும் 2.2 மெகா ஓமும் எப்படி இருந்தாலும் சரி. எதைப் பொருத்த வேண்டும், எதைப் பொருத்தத் தேவையில்லை என்று தெரிந்தால் பாதி உழைப்பு மிச்சம்.

கடையில் வாங்குபவர்களுக்கும் இதே சோதனை உதவும். இசைப் பிரியர்கள் நடுவே 2எஸ்.கே. 170 என்ற தோஷிபா நிறுவனத்தின் ஃபெட்டுக்குப் பெரும் மதிப்பு உண்டு. அமெரிக்க வடிவமைப்பாளர் நெல்சன் பாஸ் 2008-ல் வெளியிட்ட 'பி 1' என்னும் பஃபரில் பயன்பட்டதும் அதுவே. அதன் தயாரிப்பு நின்றுபோய்விட்டது. கிராக்கி மட்டும் நிற்கவில்லை. எனவே வேறு ஏதோ ஒன்றின் மேல் அந்த எண்ணை அச்சடித்து விற்பவர்கள் தோன்றிவிட்டார்கள். நானும் ஒருமுறை சென்னையில் ஒரு கடையில் ஆறு வாங்கி ஏமாந்தேன். மேலே பி.எல். என்ற தரக்குறி இருந்தது. அக்குறிக்கு நிறைவு மின்னோட்டம் 6-க்கும் 12-க்கும் இடையே இருக்க வேண்டும். எனக்குக் கிடைத்தவற்றில் ஒன்றுகூட 3-ஐத் தாண்டவில்லை. அளந்து பார்க்காமல் சாலிடர் செய்திருந்தால் குறை என் சுற்றில் என்று நினைத்து மண்டையை உடைத்துக்கொண்டிருப்பேன்.

பிஸ்கட் டின்

எண் 11-ஐ மேலும் எண் 5-ஐக் கீழுமாக வைத்துச் சாலிடர் செய்தோம். இரண்டு தொப்பிகளும் பூமியோடு இணைந்தவையே. ஆகவே அவை ஒன்றையொன்று தொட்டாலும் தீங்கில்லை, தொட்டால் நல்லதும்கூட. ஒன்று சூடானால் மற்றதும் சூடாகும், வேறுபாடு மாறாது. செம்புக் கம்பியால் இரண்டையும் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றினோம். வெளியீட்டில் இப்போது 7 மில்லிவோல்ட். முன்பு 1100 இருந்த இடத்தில் 7! குமிழைத் திருப்பினேன். சத்தமே இல்லை.

ஆனால் வேறொரு விருந்தாளி வந்திருந்தார். 'ம்ம்ம்' என்று விடாத முணுமுணுப்பு. உள்ளீட்டில் 22 லட்சம் ஓம் இருப்பதால் அந்தப் புள்ளி மிகவும் எளிதில் வசப்படும். சுவருக்குள் ஓடும் வீட்டு மின்கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் மின்புலமே அதை ஆட்டிவைக்கப் போதும். கையை அருகில் கொண்டுபோனால் முணுமுணுப்பு கூடியது. தந்தையின் மாத்திரைகள் இருந்த பிஸ்கட் டின்னைக் கேட்டு வாங்கி, சுற்றையும் பேட்டரிகளையும் அதற்குள் வைத்து, டின்னைப் பூமியோடு இணைத்து மூடினோம். உலோகக் கூட்டுக்குள் வெளி மின்புலம் நுழையாது என்று ஃபாரடே காட்டியதை எட்டணா செலவில்லாமல் காதால் கேட்டான் பையன். காட்ரிட்ஜிலிருந்து வரும் கம்பியும் உறையிட்ட கம்பியாக, ஒரு சாணுக்கு மேல் போகாமல் இருக்கட்டும். அந்தக் கம்பிக்கும் சில பத்துப் பிக்கோஃபாரட் மின்தேக்குதிறன் உண்டு. அது ஒலியின் சமநிலையைக் கெடுக்காது. மட்டத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவே.

வெளியீட்டுப் பக்கம் இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஃபெட்டும் அதன் 220 ஓமும் சேர்ந்து அங்கே தெரியும் உள்தடை 500, 600 ஓம்தான். இரண்டு மூன்று மீட்டர் கம்பியைத் தாராளமாக இழுக்கலாம். பேட்டரிகளிலிருந்து வெறும் 3.4 மில்லியாம்பியர் போவதால் நல்ல கார பேட்டரிகள் நூறு மணி நேரம் உழைக்கும்.

இனி 131 ஹெர்ட்ஸுக்கு வருவோம். 12 லட்சத்துக்குப் பின்னால் இப்போது 22 லட்சம் நிற்கிறது. 26-ல் ஒரு பங்காக இருந்தது 87 விழுக்காடாகிவிட்டது. பஃபரில் இழப்பது நூற்றுக்கு ஐந்துக்குள் அடங்கும்.

மாலையில் தந்தை நாற்காலியில் வந்து அமர்ந்தார். தட்டு சுழன்றது. ஆலாபனை முடிந்து தவில் சேரும் இடத்தில் அவர் கை தானாக நாற்காலியின் கைப்பிடியில் தாளம் போட்டது. பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான். தட்டு முடியும் வரை யாரும் பேசவில்லை.

முடிந்ததும் தந்தை சொன்னார்: "தவில்காரர் வந்துட்டார், சரி. ஆனா எல்லாரும் கொஞ்சம் அவசரத்துல இருக்காப்பல தெரியுதே? சுருதி ஏறிக் கிடக்கு."

பையன் பெருமூச்சு விட்டான். எனக்கோ உற்சாகம். தட்டின் வேகம் மிகுந்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு முப்பத்து மூன்றும் மூன்றில் ஒன்றும் சுற்ற வேண்டிய தட்டின் மேல், சம இடைவெளியில் 180 கோடுகள் வரைந்த காகித வட்டத்தை வைத்து, சோக் போட்ட பழைய டியூப் லைட்டின் கீழே பார்க்க வேண்டும். அந்த விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்குவதால், வேகம் சரியாக இருந்தால் கோடுகள் நகராமல் நிற்கும். அன்றிரவே பையன் கோணமானியை எடுத்துக்கொண்டு, இரண்டு பாகைக்கு ஒன்றாகக் கோடு போட உட்கார்ந்துவிட்டான்.